ஜாய்ஸ் டீச்சர் கை தூக்காத ஏலம்

ஜாய்ஸ் டீச்சரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ பூசணிக்காயைப் பற்றி ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. அழுது வீங்கிய முகங்களோடு ஆட்கள் சிரித்தார்கள். அவருடைய கணவர் ஞானசீலனும் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார். அந்தப் பூசணிக்காயை டீச்சர் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தார்.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அந்தப் பதினெட்டாயிரத்தை அல்ல. அடுத்த வருஷம் அதே வீட்டுக் கொடியில் காய்த்த இன்னொரு பூசணிக்காயை அவர் எடுக்காமல் விட்டாரே, அதைத்தான்.

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி இரண்டு தெரு உள்ளே போனால் அவர்கள் வீடு. ஞானசீலனின் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையில், வங்கியில் கடன் வாங்கி இவர்கள் கட்டியது. ஞானசீலன் பஸ் ஸ்டாப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே மகன் ஆல்பின் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலையில் இருந்தான். ஜாய்ஸுக்குப் பசுமலைப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் வேலை. முப்பது வருஷமாக மூன்றாம் வகுப்பு. அவர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் ரோட்டில் போகிறவர்களுக்கும் மனப்பாடமாகிவிடும் என்பார்கள், குரல் அப்படி.

அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. தவணைக்குச் சேலை விற்பவர் வெயிலில் மூட்டையைச் சுமந்துகொண்டு வருகிறாரே என்று ஒரு சேலை எடுப்பார். உடன் வேலை பார்க்கும் டீச்சர் சீட்டு ஆரம்பித்தால் ஆள் குறையக் கூடாது என்று சேர்வார். ஆசிரியர் கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கி வீட்டுக்கு வெள்ளையடித்தார். அந்தக் கடன் முடியும் முன்பே அதன்மேல் இன்னொன்று வாங்கினார். இதெல்லாம் அவருக்குச் செலவாகத் தோன்றியதே இல்லை. மனிதர்களோடு பழகுவது என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

அவர்கள் போகிற கோயிலில் பொங்கல் கழிந்து அறுப்பின் பண்டிகை வரும். ஆராதனைக்கு வரும்போதே ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவருவார்கள். வயல் உள்ளவர் நெல் மூட்டை, வீட்டில் தென்னை நிற்பவர் தேங்காய்க் குலை, ஒன்றும் இல்லாதவர் கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனி. காணிக்கையாகப் படைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு எலுமிச்சம்பழம் இரண்டாயிரத்துக்குப் போகும். எடுத்தவர், திரும்பவும் விடுங்க என்று அதை மேஜைக்கே அனுப்பிவிடுவார். இன்னொருத்தர் அதை மூவாயிரத்துக்கு எடுப்பார். ஒரே இளநீர் ஐந்தாறு பேரிடம் கை மாறி, கடைசியில் வெட்டிக் குடிக்கும்போது சூடேறிப் போயிருக்கும். காசை அப்போதே கொடுக்க வேண்டும் என்பதில்லை. பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், மாதக் கடைசிக்குள் கட்டினால் போதும். கோயிலுக்குப் போகிற காசு என்பதால் அதை யாரும் செலவில் சேர்ப்பதில்லை.

மற்றவர்கள் பெருமைக்குக் கை தூக்கினார்கள், சிலர் பக்திக்கு. ஜாய்ஸ் தூக்கியது வேறு காரணத்துக்கு. அவர் பிறந்து வளர்ந்தது எழுமலையில், அப்பா இல்லாத வீட்டில். எட்டு வயதிருக்கும்போது அவருடைய அம்மா ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை கொண்டுபோய்ப் பண்டிகையில் படைத்தாள். ஏலத்தில் அந்தக் கூடை மேஜைக்கு வந்தபோது பந்தி போடுகிற நேரமாகிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏலம் விட்டவர் சங்கடப்பட்டுக்கொண்டு, அப்புறம் பார்ப்போம் என்று கூடையை மேஜைக்கு அடியில் தள்ளினார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போனபிறகு அம்மா அதை எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படைத்ததைத் திரும்ப எடுத்துவந்து சமைக்க மனசு வராமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு பொருளுக்கு முன்னால் விழுகிற அந்த மௌனத்தை ஜாய்ஸால் தாங்க முடிந்ததில்லை. யாராவது வாயைத் திறப்பதற்குள் அவர் கை மேலே போயிருக்கும். அதனால் ஏழைகள் கொண்டுவந்த பொருள்களெல்லாம் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. முருங்கைக்காய்க் கட்டு, நார்ப்பெட்டி, நொண்டிச் சேவல்.

கிருபை அக்கா அவர் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு உதவியாக இருந்தவர். தனக்கன்குளத்தில் ஓட்டு வீடு, வீட்டுக்கு மேலே படர்ந்த ஒரு பூசணிக்கொடி. வருஷா வருஷம் அதில் காய்த்ததில் பெரியதைப் பார்த்து எடுத்துத் துடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பண்டிகைக்குக் கொண்டுவருவார். அந்த வருஷம் பூசணிக்காய் மேஜைக்கு வந்ததும் வழக்கம்போல ஜாய்ஸ் ஐந்நூறு என்றார். சபையில் ஒரு கான்ட்ராக்டர் உண்டு, டீச்சரைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவர் ஆயிரம் என்றார். ஜாய்ஸ் விடவில்லை. ஏலம் விடும் சாம்ராஜ் மைக்கை இருவர் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினார். பந்தலில் கைதட்டல். கிருபை அக்கா பொருள் வைத்திருந்த மேஜை ஓரத்தில் தலைகுனிந்து நின்றிருந்தார், சந்தோஷத்தில் நிற்கிறார் என்றுதான் ஜாய்ஸ் நினைத்தார். ஜாய்ஸ் பதினெட்டாயிரம் என்றதும் கான்ட்ராக்டர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

“டீச்சரை ஜெயிக்க முடியுமாய்யா?”

பூசணிக்காய் ஞானசீலனின் ஸ்கூட்டரில் காலடியில் உட்கார்ந்து திருநகர் வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் பூசணிக்காய் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, புளிக்குழம்பு, அல்வா. ஒரு மத்தியானம் ஞானசீலன் கரண்டியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு கரண்டி எம்புட்டு விழுகுதுன்னு கணக்குப் பாக்கவா, ஜாய்ஸ்?”

“சாப்பிடும்போது கணக்குப் பேசக் கூடாதுங்க.”

சாப்பிடும்போது மட்டுமல்ல, அந்த வீட்டில் எந்த நேரத்திலும் கணக்குப் பேசியதில்லை. அவரவர் காசு அவரவருக்கு. வீட்டுக்கடன் தவணை ஞானசீலனின் கணக்கிலிருந்து போகும். மளிகையும் மற்றதும் ஜாய்ஸின் சம்பளத்தில். ஒருவரை ஒருவர் கேட்பது மரியாதை இல்லை என்று இருவரும் நினைத்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

பூசணிக்காயின் கடைசித் துண்டு ஃபிரிட்ஜில் இருக்கும்போதே வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் காயப்போடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். தவணை தொடர்ந்து கட்டப்படவில்லை, குறித்த காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடுவோம் என்று அதில் இருந்தது.

ஜாய்ஸ் இரண்டு தடவை படித்தார். பிறகு கணவரைக் கேட்டார். கொரோனாவில் படுத்த கடை எழுந்திருக்கவே இல்லை, இப்போதெல்லாம் பிள்ளைகள் போனிலேயே படித்துவிடுகிறார்கள், ஜெராக்ஸ் யார் எடுக்கிறார்கள் என்றார் ஞானசீலன். அவ்வளவு நாளும் கடையிலிருந்து சிரித்த முகத்தோடுதான் வந்திருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலை. நான் சொல்லலை.”

“சொல்லியிருந்தா சம்பளத்துல எடுத்துத் தந்திருப்பேன்.”

“உன் சம்பளத்துல கைக்கு எம்புட்டு வருது?”

ஜாய்ஸ் எழுந்தார். உள்ளே போய்ச் சம்பள விவரத்தைப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸுக்கு நல்ல சம்பளம்தான். சொசைட்டி, அதன்மேல் வாங்கிய கடன், பண்டிகை முன்பணம், சீட்டு, நகைக்கடன் வட்டி என்று எல்லாம் போக மிச்சம் வருவது, பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை வாங்குவதைவிடக் குறைவு. அதிலிருந்துதான் பதினெட்டாயிரத்தை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும்.

அன்றைக்கு அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாளைக்கு யாரோ ஒருத்தர் இந்த வீட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு தரம், இரண்டு தரம் என்பார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் விலை கேட்பார்கள். அப்போது கை தூக்க அவரிடம் எதுவும் இருக்காது.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனார். மேனேஜர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பொறுமையாகக் கேட்டு, பாக்கியை வருஷம் முழுக்கப் பிரித்து, மாதத் தவணையோடு சேர்த்துக் கட்டுவதற்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிக் கொடுத்தார். நடுவில் ஒன்று தவறினாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார். பாக்கியின் கடைசிப் பங்கு அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை கட்ட வேண்டியதாக விழுந்தது.

அதற்கப்புறம் ஜாய்ஸ் செய்தவைதான் அவரைத் தெரிந்தவர்கள் பலருக்கும் தெரியாதவை. முதலில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே இருவரும் உட்கார வேண்டும். அந்த வாரம் என்ன செலவு செய்தோம் என்பதை ஆளுக்கு ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதி வைக்கலாமே என்றார் ஞானசீலன், கடையில் பேப்பருக்கா பஞ்சம். எழுதினால் மூடி வைத்துவிடலாம், வாயால் சொன்னால் காதில் விழுந்துதான் ஆகும் என்றார் ஜாய்ஸ். வாய்ப்பாடு அப்படித்தானே ஏறுகிறது.

முதல் ஞாயிறு பொழுது சாயும்வரை ஆனது. சேலைக்காரருக்குக் கொடுத்தது, சீட்டு, ஸ்டாஃப் ரூம் பிறந்தநாள் கேக் என்று ஜாய்ஸ் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி இரண்டைச் சொன்னது ஞானசீலனுக்குக் கேட்கவில்லை. சத்தமாச் சொல்லு, வாய்ப்பாடுன்னியே என்றார். பிறகு அவர் முறை. பிள்ளைகளுக்குக் கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததைச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, தினமும் சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர்களோடு போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவதையும் சொன்னார். காசைவிட அதுதான் ஜாய்ஸுக்குச் சுருக்கென்றது.

“அப்ப ராத்திரி நான் ஆக்கிப்போட்டதெல்லாம்?”

“அதையும் சாப்பிட்டேன்ல.”

கோபப்பட ஆரம்பித்தவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே, இதை ஞாயிற்றுக்கிழமை சொல்லணுமே என்று தோன்றும். பாதிப் பொருள் அங்கேயே கீழே போய்விடும்.

நகைக்கடனில் இருந்தவை முதல் சம்பளத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்த வளையல்கள். எத்தனையோ வருஷமாக வங்கியிலேயே கிடந்தன. வட்டி கட்டித் திருப்புவார், ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவார், அடுத்த வாரம் மறுபடி கொண்டுபோய் வைப்பார். அவற்றை மீட்டு விற்றார். தங்கம் விலை ஏறியிருந்த நேரம், சொசைட்டிக் கடன் இரண்டும், கோயிலுக்குக் கட்ட வேண்டிய பதினெட்டாயிரமும் அதில் தீர்ந்தன. அதற்கப்புறம் வந்த ஒரு கல்யாணத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். உடன் வேலை பார்க்கும் ஒருத்தி கேட்டேவிட்டாள், வளையல் எங்கே டீச்சர் என்று. வித்துட்டேன் என்றார் ஜாய்ஸ். அடகு என்றால் அதற்கு மேல் கேட்கப் பத்துக் கேள்வி இருந்திருக்கும். வித்துட்டேன் என்றதற்கு அடுத்த கேள்வி யாரிடமும் இல்லை.

பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தவர், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸுக்கு மாறினார். அதற்கு அரைமணி நேரம் முன்னதாக எழ வேண்டும். சில டிரைவர்கள் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்துவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் டீச்சர் பஸ்ஸுக்கு ஓடுவதை அவரிடம் படித்த பிள்ளைகள் ஆட்டோவிலிருந்து பார்த்துக் கையசைப்பார்கள். அவரும் ஓடிக்கொண்டே கையசைப்பார். ஆட்டோவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசை வீட்டுக்கு வந்ததும் ஒரு பால் பவுடர் டப்பாவில் போடுவார். அது வங்கிக்கு அல்ல. அடுத்த பண்டிகை ஏலத்துக்கு.

ஞானசீலனுக்கு அது புரியவில்லை. இருக்கிற இருப்பில் ஏலம் எதற்கு என்றார். கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது, இல்லாததைக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார் ஜாய்ஸ். ஞானசீலன் அப்புறம் அந்த டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டொரு தடவை தன் சட்டைப்பையிலிருந்த சில்லறையையும் அதில் போட்டார்.

எல்லா வாரமும் நேராகப் போகவில்லை. ஆடி மாதம் ஒரு டீச்சர் அழுதாள் என்று ஜாய்ஸ் கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு ஞாயிறு அதைச் சொல்லாமல் மறைத்தார். மூன்றாவது ஞாயிறு சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். ஞானசீலன் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கறி இல்லை, ரசமும் அப்பளமும்தான். வங்கித் தவணை தவறவில்லை. சேலைக்காரர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார். ஜாய்ஸ் அவருக்கு மோர் கொடுத்து, மூட்டையைப் பிரிக்க விடாமல் ஊர்க்கதை பேசி அனுப்புவார்.

தை பிறந்தது. பண்டிகைக்கு முதல் நாள் கடைசிப் பங்குக்கான பணம் முழுவதும் ஜாய்ஸின் கணக்கில் இருந்தது. அந்த வருஷம் ஏல மேஜையில் போனில் பணம் அனுப்ப க்யூஆர் அட்டை வைக்கப் போகிறார்கள் என்று ஆராதனையில் அறிவித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது ஜாய்ஸ் போனை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை ஞானசீலனிடம் கொடுத்தார்.

“நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

ஞானசீலன் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். ஜாய்ஸ் பால் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

ஏலம் தொடங்கியது. டப்பா கனமாக இருந்ததில் அவருக்கு உற்சாகம். ஒரு சிறுமி கொண்டுவந்த கொய்யாப்பழத்தை எடுத்தார். யாரும் கேட்காத ஒரு நார்க்கூடையை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அங்கேயே டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். கிருபை அக்காவின் பூசணிக்காய் வழக்கமாக நடுவில் வரும், அதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் ஒரு நொண்டிக் கிழவர் படைத்த சீனிப் பொட்டலத்துக்கு முன்னால் அந்தப் பழைய மௌனம் விழுந்தது. கை மேலே போய்விட்டது. டப்பா காலியானது. அந்த வருஷம் பூசணிக்காயைக் கடைசியில்தான் ஏலத்துக்கு எடுத்தார்கள்.

அப்போது அசன விருந்துக்கு அண்டாக்களைத் திறந்து பிரியாணி வாசனை பந்தலுக்குள் வந்துவிட்டது. ஆட்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

“கிருபையக்கா வீட்டுப் பூசணிக்காய்” என்றார் சாம்ராஜ் மைக்கில். “போன வருஷம் பதினெட்டாயிரம் போன காய்க்குத் தங்கச்சி இது. ஆயிரத்துல ஆரம்பிப்போமா?”

யாரும் பேசவில்லை. எல்லோரும் ஜாய்ஸைப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் நன்றாகப் பார்ப்பதற்காக நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐந்நூறு என்று இறங்கினார் சாம்ராஜ். அதற்கும் பேச்சில்லை.

“என்ன டீச்சர், கை சுளுக்கிக்கிருச்சா?”

பந்தல் சிரித்தது. ஜாய்ஸ் இரண்டு கைகளாலும் மடியிலிருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் தள்ளிய கூடை கண்ணுக்கு முன்னால் வந்தது. பெயரைச் சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். ஆயிரம்தானே. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில் அந்த ‘தானே’ அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கடனும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்திருந்தது. எழுந்து நின்றார். எந்தக் காலத்திலும் மைக் தேவைப்படாத குரல், அன்றைக்குக் கொஞ்சம் நடுங்கியது.

“அண்ணே, நான் கொண்டாந்த காசு தீந்துபோச்சு. பேரு எழுத மாட்டேன். வீட்டுக்கடன் பாக்கி நாளைக்குக் கட்டணும், கட்டலைன்னா எங்க வீடு ஏலத்துக்குப் போயிரும்.”

சிரிப்பு நின்றது. சாம்ராஜ் மைக்கைக் கீழே இறக்கினார். அந்தப் பந்தலில் எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் கடன் வாங்கி ஏலம் எடுத்திருக்கிறார்கள். என்னிடம் இல்லை என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னதில்லை. ஜாய்ஸுக்குக் கிருபை அக்கா இருந்த பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

கிருபை அக்கா அண்டாப் பக்கமிருந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“டீச்சர விடுங்கய்யா” என்றார் சாம்ராஜிடம். பிறகு ஜாய்ஸிடம் திரும்பினார். “நானே சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். போன வருஷத்துலருந்து பள்ளிக்கூடத்துல என்னையப் பதினெட்டாயிரம்னுதான் கூப்புடுறாளுக. ஏன் கொண்டாந்தோம்னு ஆயிருச்சு. காய் எப்புடி இருந்துச்சுன்னு ஒருத்தரு கேக்கல. நல்ல காய் டீச்சர் அது.”

அந்தக் காய் எப்படி இருந்தது என்று ஜாய்ஸுக்கே ஞாபகம் இல்லை. விலைதான் ஞாபகம் இருந்தது. அம்மாவின் கூடையை நினைத்துக்கொண்டு, வருஷா வருஷம் கிருபை அக்காவின் பூசணிக்காயை எடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி பழங்காநத்தத்தில் மெஸ் நடத்துகிறவள். அவள் முன்னால் வந்து காயைத் தட்டிப் பார்த்தாள்.

“இனிப்பு இருக்குமாக்கா?”

“சீனியே போட வேணாம்.”

“நூத்தம்பது.”

இன்னொருத்தி இருநூறு என்றாள், அவள் வீட்டில் மருமகன் விருந்து. மெஸ்காரி இருநூற்றைம்பது. சட்டென்று பந்தலுக்கு உயிர் வந்துவிட்டது. கான்ட்ராக்டரும் சும்மா இருக்க முடியாமல் ஐயாயிரம் என்றார்.

“ஒங்களுக்கு ஆக்கத் தெரியுமாண்ணே?” என்றார் கிருபை அக்கா.

பந்தல் முழுக்கச் சிரித்தது. கான்ட்ராக்டரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பூசணிக்காய் முந்நூற்று இருபதுக்கு மெஸ்காரிக்குப் போனது. திரும்பவும் விடுங்க என்று அவள் மேஜைக்கு அனுப்பவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். தோலைச் சீவாமல் போடு, கொட்டையைக் காயவைத்து எடுத்து வை, ஆடியில் ஊன்றலாம் என்று கிருபை அக்கா சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ரோடுவரை போனார். ஜாய்ஸ் அவரை அவ்வளவு பேசிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞானசீலன் பீரோ சாவியை நீட்டினார். நாளைக்குக் கொடுங்க என்றார் ஜாய்ஸ். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கணக்கைச் சொன்னார்கள். கொய்யாப்பழம், நார்க்கூடை, சீனி. கடைசியில் பூசணிக்காய் என்று ஆரம்பித்து, எடுக்கலை என்றார். சொல்லும்போது அழுதார். ஞானசீலன் டீ போட எழுந்துபோனார்.

திங்கட்கிழமை வங்கிக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். பாக்கி தீர்ந்தது, நோட்டீஸ் ரத்தானது. அதற்கப்புறம் ஒரு தவணையும் தவறவில்லை. டீச்சர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கடனை மொத்தமாக அடைத்து, பத்திரத்தை ஒரு துணிப்பையில் போட்டு, அதே டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஏலத்துக்கும் வருஷா வருஷம் போனார், டப்பாவோடு. டப்பா தீர்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தீந்துபோச்சு என்று அவர் சொல்வதைப் பார்த்து இரண்டொருவர் தாங்களும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். போன வருஷம் கான்ட்ராக்டர்கூடச் சொன்னார்.

இந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஜாய்ஸ் டீச்சரை அதிக நாள் விட்டு வைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு ஆல்பின் எழப்போனான். ஞானசீலன் உட்காரச் சொன்னார். பிறகு அந்த வாரத்துக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி, பெட்டி, வேன், மாலை, பந்தல், வந்தவர்களுக்கு டீ. வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் சொன்னார்.

“யார்கிட்டயும் கைநீட்டலை” என்றார் கடைசியில். “அம்புட்டும் உங்கம்மா எடுத்து வச்சது.”

ஆல்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் முறை என்று அவனுக்கே தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பஸ் டிக்கெட், வழியில் குடித்த காபி, புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டை என்று சொன்னான். சட்டை விலையைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

சத்தமாச் சொல்லு என்றார் ஞானசீலன்.